பார்மெட் ஆகிப்போன கோயில் படங்கள்: வாசகர் கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: பைல் காணோம், டிஸ்க் திறக்கவில்லை, படமெல்லாம் போச்சு. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்போது அப்படி ஒரு டிஸ்க் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதில் எதையும் சேமிக்காதீர்கள், மீட்கும் சாப்ட்வேர் என்று எதையும் இறக்கி அதே டிஸ்கில் போடாதீர்கள், முடிந்தால் கழற்றி வையுங்கள். திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய பைல்கள் ஒரேயடியாகப் போவது பெரும்பாலும் தொலைந்த பிறகு பதற்றத்தில் நாம் செய்யும் வேலைகளால்தான்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாப் படங்கள், பழைய நிர்வாகக் கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தோம். தோட்டம் கைமாறி லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைத்தபோது வீடு வீடாகப் போய்ப் படங்களை வாங்கி ஸ்கேன் செய்ததும் அதில்தான் இருந்தது. போன வாரம் கணினியில் செருகியதும் 'இந்த டிஸ்கைப் பார்மெட் செய்ய வேண்டும்' என்று கேட்டது, என் அக்காள் மகன் சரி என்று அழுத்திவிட்டான். அப்புறம் காலியாக இருக்கிறதே என்று சில சினிமாப் படங்களை வேறு ஏற்றிவிட்டான். இனி ஏதாவது கிடைக்குமா?
– ஆலயச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: கிடைக்கும் ஐயா, ஆனால் எல்லாமே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். டிஸ்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டு மேலே 'தொடாதே' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், பயந்து மறைத்தால் நமக்குத்தான் நஷ்டம். பார்மெட் சில நொடிகளில் முடிந்ததா, மணிக்கணக்கில் ஓடியதா?

சில நொடிகளில் முடிந்தது என்றால் அது குயிக் பார்மெட். விண்டோஸ் கேட்கும் அந்தப் பெட்டியில் குயிக் பார்மெட் என்பதில் ஏற்கெனவே டிக் போட்டுத்தான் இருக்கும், பெரும்பாலானவர்கள் அதை எடுப்பதில்லை. இந்த வகையில் அழிவது பைல்களின் பட்டியல் மட்டும்தான். தோட்டத்து ஆபீஸில் கிராணி (எழுத்தர்) தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒருவர் பேரை அடித்துவிட்டார் என்று வையுங்கள், அந்தக் குடும்பம் இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்து சாமான் இறக்கும்வரை அவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கலாம். டிஸ்கும் அப்படித்தான், பைலை டெலிட் செய்தால் ஒரு பேர் அடிபடுகிறது, குயிக் பார்மெட் செய்தால் புது செக்ரோல் புத்தகமே வருகிறது, படங்களின் தரவு அதனதன் இடத்தில் கிடக்கிறது. டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மெட் செய்திருந்தால் கதை வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு பார்மெட் என்றால் டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதிவிடும், ஒரு டெராபைட்டுக்கு அது மணிக்கணக்கில் ஓடும், அதற்கு அப்புறம் எந்த சாப்ட்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சினிமாப் படங்கள்தான் என் கவலை. அவை போய் உட்கார்ந்த இடத்தில் முன்பு இருந்தது எதுவோ அது போய்விட்டது, அதை யாராலும் திருப்பித் தரமுடியாது. 10 படம், ஒவ்வொன்றும் 2 ஜிகாபைட் என்றால் மொத்தம் 20 ஜிகாபைட், ஒரு டெராபைட்டில் அது 2 விழுக்காடுதான். கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் காலி டிஸ்கில் புதிதாக எழுதும்போது கணினி பெரும்பாலும் முன்பகுதியிலிருந்தே இடம் எடுக்கும், உங்கள் பழைய படங்களும் அங்கேயே இருந்திருக்கலாம். இன்னொன்று, அந்த சினிமாப் படங்களை இப்போது டெலிட் செய்தால் கோயில் படங்கள் திரும்ப வந்துவிடும் என்று நினைத்து யாரும் அதைச் செய்துவிட வேண்டாம். அதனால் எந்த நன்மையும் இல்லை, டிஸ்கில் இன்னும் கொஞ்சம் எழுதியதுதான் மிச்சம்.

அடுத்து எல்லாரும் மறந்துவிடும் ஒரு விஷயம். பார்மெட் செய்யச் சொல்லி அந்த டிஸ்க் ஏன் கேட்டது? நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க் அப்படிக் கேட்காது. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை இழுத்ததில் பட்டியல் மட்டும் சிதைந்திருக்கலாம், இல்லையென்றால் டிஸ்கே பழுதாகிக்கொண்டு வருகிறது. இதைத் தெரிந்துகொள்ள கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரைக் கணினியில் போட்டு (கணினியில் ஐயா, அந்த டிஸ்கில் வேண்டாம்) பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகள் முக்கியம். அந்த இரண்டிலும் பூச்சியம் இருந்தால் ஓரளவு நிம்மதியாக வேலை செய்யலாம். எண் ஏறியிருந்தால், டிஸ்கின் சில இடங்களைப் படிக்க முடியாமல் அது தடுமாறுகிறது என்று அர்த்தம், ஒவ்வொரு தடவை முழுதாகத் தேடும்போதும் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

எப்படி இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான், முதலில் அந்த டிஸ்கின் நகலை எடுங்கள், அப்புறம் நகலில் தேடுங்கள். அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள புது டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும், கோயில் கணக்கில் வாங்கினாலும் தப்பில்லை. லினக்ஸில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவச சாப்ட்வேர் இதற்கென்றே எழுதப்பட்டது, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்ப வரும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடையில் கொடுப்பதாக இருந்தால் 'முதலில் முழு நகல் எடுத்துவிட்டுத்தான் தேடுவீர்களா?' என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் இரண்டு வழி இருக்கிறது. பழைய பட்டியலின் மிச்சங்களைத் தேடிப் பிடித்து, பைல் பெயரோடும் போல்டரோடும் மீட்கும் சாப்ட்வேர்களை முதலில் ஓட்டுங்கள். டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ போன்றவை இதைச் செய்யும், காசு கட்டும் முன்பே என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். குயிக் பார்மெட்டுக்கு அப்புறம் சில பைல்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தால் பழைய பட்டியலின் பெரும்பகுதி பல சமயம் அப்படியே மிஞ்சியிருக்கும், உங்கள் விஷயத்தில் என் நம்பிக்கை அதில்தான். அது கைகொடுக்காவிட்டால் போட்டோரெக். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது, முற்றிலும் இலவசம். அது பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். அந்த அடையாளத்தைத் தேடி டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை சலித்து, கிடைத்ததை எல்லாம் அள்ளிக் கொண்டுவந்து கொட்டும். மீட்டதை மூன்றாவதாக ஓர் இடத்தில் சேமியுங்கள், தேடிக்கொண்டிருக்கும் நகலிலேயே சேமித்துவிடாதீர்கள்.

போட்டோரெக்கில் ஒரு சங்கடம், பெயர் எதுவும் வராது. '1987 தீமிதி' என்று நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதி வைத்த பெயர்கள் போய், எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் நீளமாக எண்கள் போட்ட ஆயிரக்கணக்கான பைல்கள் வரும், நடுநடுவே இணையப் பக்கங்களின் சின்னச் சின்ன பொத்தான் படங்களும் கலந்து கிடக்கும். கைப்பேசியிலோ கேமராவிலோ எடுத்த படமாக இருந்தால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேன் செய்த நாள் இருந்தாலே பெரிது. சிறிய படங்களை அளவு வைத்துக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பெரியவர்கள் முன்னால் வைத்துத்தான் ஆண்டு கண்டுபிடிக்க வேண்டும். அலகு குத்தியிருப்பது யார், பின்னால் தெரியும் தகரக் கொட்டகை எந்த வருஷம் போட்டது, அப்போது தலைவர் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். அந்த லயத்தில் வாழ்ந்தவர்கள் இப்போது ஈப்போ, கோலகங்சார், சிலாங்கூர் என்று தாமான் தாமானாகச் சிதறியிருப்பார்கள், அவர்கள் வீட்டு ஆல்பத்தில் நீங்கள் ஸ்கேன் செய்த மூலப் படம் இன்னும் ஒட்டியிருக்கும். டிஸ்க் மீட்பு ஒரு பக்கம் நடக்கட்டும், அந்த வீடுகளுக்கும் இப்போதே போன் போடுங்கள். முன்பு யாருக்காவது புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியிருந்தால் அதுவும் உதவும், தரம் குறைந்திருக்கும், முகம் தெரியும்.

தோட்டம் போய் அந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்போ வந்துவிட்ட பிறகு, அங்கே ஒரு கோயிலும் பள்ளியும் நூறு குடும்பமும் இருந்ததற்கு இந்தப் படங்கள்தான் சாட்சி. இவற்றை ஒரே ஒரு டிஸ்கில், ஒரே ஒருவர் பொறுப்பில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை ஐயா. மீட்டு முடித்ததும் நான்கு குடும்பத்துக்குக் காப்பி கொடுங்கள், வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள்.

கேள்வி: சார், வகுப்புப் படங்களும் நாள் பாடத்திட்டங்களும் வைத்திருந்த பென்டிரைவை போட்டோஸ்டாட் கடையில் அச்சடிக்கக் கொடுத்தேன். திரும்பப் பள்ளிக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கிறது. திறந்தால் வரவில்லை. அழிந்துவிட்டதா?
– ஆசிரியை, தமிழ்ப்பள்ளி

பதில்: இல்லை டீச்சர், உங்கள் பைல்கள் அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. அந்த ஷார்ட்கட்களை மட்டும் இனி அழுத்தாதீர்கள், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் வைரஸ்தான் ஓடும். கடைக்கணினியில் இருந்த வைரஸ் உங்கள் பைல்களை மறைத்துவிட்டு அந்த இடத்தில் போலி ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது.

ஆன்டிவைரஸ் புதுப்பித்த கணினியில் பென்டிரைவைச் செருகி முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு போல்டர் ஆப்ஷன்ஸில் போய், மறைந்துள்ள பைல்களைக் காட்டு என்பதை அழுத்துங்கள், அதோடு விடாமல் அதற்குக் கீழே உள்ள 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறை' என்ற வரியில் டிக்கை எடுங்கள். இந்த இரண்டாவதைச் செய்யாததால்தான் பலர் பைல் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், வைரஸ் உங்கள் பைல்களுக்கு சிஸ்டம் பைல் என்ற முத்திரையையும் குத்திவிடுகிறது. இப்போது மங்கலான நிறத்தில் போல்டர்கள் தெரியும், சில வகை வைரஸ் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளியிருக்கும், அதையும் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதைக் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பென்டிரைவைப் பார்மெட் செய்துவிடலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அச்சடிக்க வேண்டிய பைல் மட்டும் உள்ள வேறொரு பென்டிரைவைக் கொண்டுபோங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், பென்டிரைவில் டெலிட் செய்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே போய்விடும்.

கேள்வி: அண்ணே, வாங்கி இரண்டு மூன்று வருஷமான என் லேப்டாப்பில் இடம் பத்தவில்லை என்று ஷிப்ட் டெலிட் போட்டு பழையதை எல்லாம் அழித்தேன். அதில் என் இறுதியாண்டு புரொஜெக்ட் அறிக்கையும் போய்விட்டது. ரெக்கவரி சாப்ட்வேர் மூன்று போட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. எந்த சாப்ட்வேர் நல்லது?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, உன் லேப்டாப் வாங்கி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய், அப்படியென்றால் உள்ளே இருப்பது அநேகமாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ். இதில் சாப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் அழித்த பைல் வேறொன்று மேலே எழுதப்படும்வரை கிடக்கும், எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. நீ டெலிட் செய்ததும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் அந்த டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது, இதற்கு ட்ரிம் என்று பெயர், 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது இருக்கிறது. அதைக் கேட்டதும் டிரைவ் தன்பாட்டுக்கு அந்த இடத்தைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே, தேடினால் வெறும் பூச்சியம்தான் கிடைக்கும். நான்காவதாக ஒரு சாப்ட்வேர் வாங்கிக் காசைத் தொலைக்காதே.

டிரைவை விட்டுவிட்டு அந்த அறிக்கை வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசி. மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய வரைவு இருக்கும், குழு நண்பன் புலனத்தில் டவுன்லோட் செய்தது இருக்கும், அச்சடித்த கடைக்கு அனுப்பியது இருக்கும். மைக்ரோசாப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தானாக ஓடிக்கொண்டிருந்திருந்தால் டாக்குமென்ட்ஸ் போல்டர் மேலே ஏறியிருக்கும், இணையத்தில் உள்ளே போய் அங்கிருக்கும் ரீசைக்கிள் பின்னைப் பார், சொந்தக் கணக்கில் 30 நாள் வைத்திருப்பார்கள். கூகள் டிரைவ் குப்பைத் தொட்டியிலும் 30 நாள்தான், அதனால் இன்றைக்கே பார், நாளைக்கு என்று தள்ளாதே. வேர்டைத் திறந்து பைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால் சேமிக்காமல் விட்டவை சில சமயம் அங்கே கிடக்கும். எதுவுமே இல்லை என்றாலும் பழைய வரைவிலிருந்து எழுதுவது முதல் தடவை எழுதியதைவிட வேகமாக வரும், உட்கார்ந்துவிடு.

உன்னைப் போலக் கேட்கும் மற்றவர்களுக்கு: பழைய ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், கேமரா கார்டு என்றால் இலவசமாகவே நிறைய வேலை நடக்கும். 2020இல் மைக்ரோசாப்ட்டே விண்டோஸ் பைல் ரெக்கவரி என்று ஒன்றை வெளியிட்டது, கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்ச வேண்டும் என்பதால் எல்லாருக்கும் ஒத்துவராது. ரெக்குவா எளிது. இரண்டையும் வேறு டிரைவில் இறக்கி ஓட்டுங்கள்.

கேள்வி: நான் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய செக்ரோல், தொழிலாளர் விவரம் எல்லாம் என் கணினியில் ஒரு நகல் இருந்தது. வேலை செய்ததற்குச் சான்று கேட்டு இன்றும் ஆள்கள் வருகிறார்கள். இடி மின்னலுக்கு அப்புறம் கணினியை ஏற்றினால் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. ஒருவர் ஐஸ்பெட்டியில் வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் திறந்து பார்க்கிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஓய்வு பெற்ற கிராணி, பேராக்

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், இன்னொரு தடவை ஏற்றிப் பார்ப்போம் என்ற ஆசையும் வேண்டாம்.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் இதுதான். உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழலும், படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய்வரும்போதுதான் 'டிக் டிக்'. முனை வளைந்து தட்டை உரசிக்கொண்டிருந்தால், ஓடும் ஒவ்வொரு நொடியும் தரவு உள்ள மேற்பூச்சு சுரண்டப்படுகிறது, அந்தப் பூச்சு போனால் உலகத்தில் எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் மீட்க முடியாது. இவ்வளவு நெருக்கத்தில் ஒரு தூசி விழுந்தால் போதும், அதனால்தான் சாதாரண அறையில் திறக்கவே கூடாது. ஐஸ்பெட்டி யோசனை எங்கிருந்தோ பரவி இன்னும் ஓய்ந்தபாடில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் உள்ளும் புறமும் நீர் பூக்கும், இருந்த வாய்ப்பும் போய்விடும்.

மின்னல் என்பதால் கீழே இருக்கும் பச்சைப் பலகைதான் எரிந்திருக்கும், அதே மாடல் டிஸ்கின் பலகையை மாற்றினால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். பழைய டிஸ்குகளில் அது நடந்தது. இப்போதுள்ளவற்றில் பலகையில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் அந்தக் குறிப்பிட்ட டிஸ்குக்கே உரிய அளவீடுகள் எழுதியிருக்கும், அதையும் பழைய பலகையிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்தினால்தான் ஓடும், அது அனுபவமுள்ளவர் செய்யும் வேலை.

உங்களுக்குத் தேவை தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு ஆய்வகம், கோலாலம்பூர் வட்டாரத்தில் இருக்கின்றன. செலவு கூடுதல்தான், அதை மறைக்கமாட்டேன். கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: தூசியில்லா அறை சொந்தமாக இருக்கிறதா, பார்த்துச் சொல்ல மட்டும் கட்டணம் உண்டா, மீட்க முடியாவிட்டால் காசு வேண்டுமா, காசு கட்டும் முன் பைல் பட்டியலைக் காட்டுவார்களா, டிஸ்கைத் திருப்பித் தருவார்களா. உங்கள் டிஸ்கில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்கள் இருக்கின்றன, அதனால் அவற்றை வெளியே விடமாட்டோம் என்று எழுத்தில் வாங்குவதும் நியாயம்தான்.

அதற்கிடையே சான்று கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதி வாரியம் 1951 முதல் இருக்கிறது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 1971 முதல். சந்தா பிடித்திருந்தால் அந்தப் பதிவு அங்கே இருக்க வேண்டும், பழைய சந்தா விவரத்தை அங்கே கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதமும் கொடுங்கள், அவர்களோடு வேலை பார்த்த கிராணியின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் மலருக்காக 1998இல் தட்டச்சு செய்த கட்டுரைகள் பழைய கணினியில் இருந்தன. கடையில் கொடுத்து மீட்டோம். திறந்தால் ஏதோ கிறுக்கலாக, தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்தாக வருகிறது. பைல் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.
– முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்

பதில்: உங்கள் பைல் கெடவே இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். கடிதத்தோடு நீங்கள் ஒட்டி அனுப்பிய அந்த ஒரு பக்க அச்சைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

1998இல் தட்டச்சு செய்தது, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்க வாய்ப்பே இல்லை எனலாம். யூனிகோட் பட்டியலில் தமிழ் 1991இலேயே சேர்ந்துவிட்டது, ஆனால் விண்டோஸில் அது ஒழுங்காக வந்தது லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தது. நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் சாப்ட்வேரைத்தான் இங்கே தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் பரவலாகப் பயன்படுத்தின. நீங்களும் முரசில்தான் தட்டச்சு செய்திருப்பீர்கள். இன்றைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் அடியில் இருக்கும் ஆங்கில வடிவம் தெரிகிறது, அவ்வளவுதான்.

கிறுக்கலைப் பார்த்தே ஓரளவு வகை பிரிக்கலாம். டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் மொத்தம் 256 இடம், முதல் 128இல் வழக்கமான ஆங்கிலம், தமிழ் மேல் பாதியில், அதனால் அவை கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். உங்கள் பக்கம் இந்த வகை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் கீழ் பாதியிலேயே இருக்கும், சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து அர்த்தமில்லாமல் வரும். உண்மையிலேயே கெட்டுப்போன பைல் இப்படி வரிவரியாக, பத்தி பத்தியாக, கேள்விக்குறி சரியான இடத்தில் விழுந்து வராது. இன்னும் சந்தேகம் இருந்தால் பைலின் தொடக்கத்தைப் பாருங்கள். பழைய வேர்டு பைல் டி0, சிஎஃப், 11, ஈ0 என்ற நான்கு பைட்டுகளில் தொடங்கும், புதிய வகை வேர்டு பைலை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து பிகே என்று இருக்கும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை பூச்சியமாக இருந்தால்தான் நம்பிக்கை இழக்க வேண்டும்.

மூல பைல்களைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள், பழையதைத் திறந்து அதன் மேலேயே சேமித்துவிட வேண்டாம். என்எச்எம் கன்வெர்ட்டர் என்று சென்னையிலிருந்து வந்த இலவச சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது, பழைய முறைகள் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றும். ஒரு பத்தியை மட்டும் ஒட்டி ஒவ்வொரு முறையாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், சரியான முறை வந்ததும் தமிழ் அப்படியே எழுந்து நிற்கும். பிழை திருத்தும்போது கொம்பு உள்ள எழுத்துகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பழைய முறையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் நாம் எழுதுகிற மாதிரியே எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும், மாற்றும்போது வரி உடையும் இடங்களில் கொம்பு வேறு எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளலாம். ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபாருங்கள். மலர் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 2 டெராபைட் பென்டிரைவ் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, பிள்ளைகளின் படங்களை ஏற்றினேன். முதலில் ஏற்றிய படங்கள் மட்டும் திறக்கின்றன, மற்றதெல்லாம் பெயர் இருக்கிறது, திறக்கவில்லை. மீட்க முடியுமா?
– இல்லத்தரசி

பதில்: அம்மா, அது போலி அளவு போட்ட பென்டிரைவ். உள்ளே உண்மையில் 32 அல்லது 64 ஜிகாபைட் மாதிரி ஏதோ சின்ன சிப் இருக்கும், 2 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மை அளவு நிரம்பும்வரை படங்கள் ஒழுங்காக ஏறும், அதற்கு மேல் ஏற்றியது எங்குமே எழுதப்படாது, அல்லது ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுதப்படும். பெயர் தெரிவதற்குக் காரணம் பட்டியல் முன்பகுதியில் இருப்பதுதான். எழுதப்படாததை மீட்க வழியில்லை, இதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

திறக்கும் படங்களை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மற்றவை கைப்பேசியிலிருந்து ஏற்றியவை என்றால் அந்தக் கைப்பேசியில் இனி புதிய படம் எடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, கூகள் போட்டோஸைத் திறந்து அதன் குப்பைத் தொட்டியைப் பாருங்கள், மேலே ஏறிய படங்களை அழித்திருந்தால் 60 நாள்வரை அங்கே இருக்கும். கேமரா கார்டிலிருந்து ஏற்றியவை என்றால் இன்னும் நல்லது, கார்டில் போட்டோரெக் ஓட்டினால் நிறையக் கிடைக்கலாம். இனி எந்தப் பென்டிரைவ், கார்டு வாங்கினாலும் படம் ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டுங்கள். அது கடைசிவரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, உண்மை அளவு எவ்வளவு என்று சொல்லிவிடும். பெரிய டிரைவுக்கு நேரம் பிடிக்கும், இரவில் ஓட்டிவிட்டுத் தூங்கலாம்.